தொழில்: வியாபாரம்

“இவ்வளவு படிச்ச, போய் மன்னிப்புக் கேக்கிறதுக்கா மகள்?” என்று வாப்பா கேட்டார்.

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். உம்மா பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. வாப்பா இன்றும் பிறருடைய வயல்களில் லேண்ட்மாஸ்டர் என்னும் கை உழவு இயந்திரம் ஓட்டுகிறார். என் மருத்துவப் பட்டத்துக்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டி வைத்து, அதிலுள்ள ஓர் எழுத்தையும் வாசிக்கத் தெரியாமலே வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அந்தச் சட்டத்தைக் கடந்து போகும்போது நானும் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பேன். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. ஆகவே ஒரு வீட்டுக்குப் போய் ‘நான் பிழை விட்டேன்’ என்று சொல்வது வாப்பாவுக்கு எவ்வளவு கசந்ததோ, எனக்கு அதைவிடக் கூடவே கசந்தது.

இந்தக் கரையோரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில் வேலை செய்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லத் தேவையில்லை. மாரி தொடங்கினால் எல்லாம் ஒன்றுதான். கட்டிலில் ஒருவர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருவர். நடைவழியில் ஈரச் செருப்புகள். நுளம்பு வலைகளுக்குள்ளே எல்லாருக்கும் ஒரே காய்ச்சல், டிக்கட் என்று நாங்கள் சொல்லும் நோய்க்குறிப்பில் எல்லாருக்கும் ஒரே சொல்: டெங்கு. ஒரு நாளில் இருபது தரம் அந்தச் சொல்லை எழுதினால், இருபத்தோராவது தரம் கை தானாகவே எழுதிவிடுகிறது. இதை நான் சாட்டாகச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

அவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஆள். மடிப்புக் கலையாத சாறன், வெள்ளைச் சட்டை. நான்கு நாள் காய்ச்சல். கேள்விகளுக்குப் பதில் சொன்னது பக்கத்தில் நின்ற மனைவி.

“தொழில் என்ன?”

“கடை, டொக்டர். துணிக்கடை.”

வியாபாரம் என்று எழுதினேன். உடம்பு உளைவு, தலையிடி, கண் சிவப்பு. நித்திரை இல்லாத கண் என்று நினைத்தேன். பிளேட்லட் குறைந்திருந்தது. டெங்குச் சோதனை ‘இல்லை’ என்று வந்தது. நாலைந்து நாள் போனால் அந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே அது ‘இல்லை’ என்று சொன்னதையும் ‘ஓம்’ என்றே எடுத்துக்கொண்டேன். டெங்கு என்று எழுதி, சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்கும் படிவத்தையும் நிரப்பினேன். அப்போது நான் வேலைக்கு வந்து இருபத்தாறு மணித்தியாலம்.

இரத்தம் எடுக்கும்போது அவர் சிரித்தார். “நுளம்புக்கும் ஒங்களுக்கும் ஒரே வேலதான் போல மகள்,” என்றார்.

“நுளம்பு கேட்டுப்போட்டா எடுக்குது?” என்றேன்.

“அது சரிதான். நீங்க மரியாதக்காரர்.”

மூன்றாம் நாள் காலை அவருடைய கண் மஞ்சளித்தது. சலம் போவது குறைந்தது. எங்கள் பெரிய டொக்டர், அதாவது வார்டுக்குப் பொறுப்பான வைத்திய நிபுணர், கட்டிலின் கால்மாட்டில் நின்று டிக்கட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு எலிக்காய்ச்சலுக்கும் மருந்து தொடங்கச் சொன்னார். அந்தச் சோதனைக்காக இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னார். முதல் ஊசி ஏறி ஐந்து மணித்தியாலத்துக்குள், நுரையீரலில் இரத்தம் கசிந்து அவர் மௌத்தானார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மையத்தை, அதாவது உடலை, கெதியாகத் தாருங்கள் என்று உறவுக்காரர் வாசலில் நின்றார்கள். தாமதியாமல் அடக்குவது எங்கள் வழக்கம். நானும் அந்த வழக்கத்தில் பிறந்தவள், ஓடி ஓடிக் கையெழுத்துப் போட்டேன். பிரேதப் பரிசோதனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் பேச்செடுக்கவில்லை. இறப்புக் காரணம் எழுதும் இடத்தில், கையிலிருந்த பெயரையே எழுதினேன்.

மூன்று கிழமை போனது. எழுதுவினைஞர் ஒரு கட்டுத் தாள்களோடு வார்டுக்கு வந்தார்.

“இதெல்லாம் வீட்ட போன ஆக்கள்ர ரிப்போட், டொக்டர். இது ஒண்டு மட்டும் மௌத்தான ஆள்ர. இத எங்க ஒட்டுற?”

வாங்கிப் பார்த்தேன். எலிக்காய்ச்சல். சந்தேகத்துக்கு இடமில்லாத அளவு.

அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அன்றைய வேலையை முடித்தேன். எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பி, பதினொரு பேரை அனுமதித்தேன். பின்னேரம் அதைப் பெரிய டொக்டரின் மேசையில் வைத்தேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. களைத்துப்போன மனிதர். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

“இந்தக் காலத்துல ஆர் இருந்தாலும் டெங்கு எண்டுதான் எழுதியிருப்பம்,” என்றார்.

“ஓம் சேர். ஆனா எழுதினது நான்.”

“நானும் ரெண்டு நாள் அதிலதானே கையெழுத்துப் போட்டன்.”

மாதாந்த இறப்பு மீளாய்வுக் கூட்டத்தில் அந்த டிக்கட் எடுக்கப்பட்டது. பத்து நிமிடமும் ஆகவில்லை. ‘வழமைக்கு மாறான அறிகுறிகள்’ என்று குறிப்பில் எழுதினார்கள். டிக்கட்டை நான் இரண்டு தரம் வாசித்திருந்தேன். வழமைக்கு மாறாக அதில் எதுவுமே இல்லை. கண் சிவப்பு இருந்தது. ‘கெண்டைக்கால் நோகுது எண்டு சொல்கிறார்’ என்று இரண்டாம் நாள் தாதி ஒருவர் எழுதிய வரியும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். அவர் சேற்றில் கால் வைத்தாரா என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

இந்தப் பட்டினங்களில் கடை வைத்திருக்கும் பலருக்குச் சவளக்கடை ஊர்ப் பக்கம், அல்லது அதற்கும் அப்பால், ஐந்தோ ஆறோ ஏக்கர் வயல் இருக்கிறது. தொழில் என்ன என்று கேட்டால் கடை என்பார்கள். பொய் சொல்வதில்லை. வயலை அவர்கள் தொழிலாக நினைப்பதில்லை, அது குடும்பத்தில் கிடக்கும் ஒரு சொத்து. “வட்டைக்குப் போயிட்டு வாறன்” என்று, மாமியார் வீட்டுக்குப் போவதுபோலச் சொல்லிவிட்டு வயலுக்குப் போவார்கள். விதைப்புக்கு முதல் பி.எச்.ஐ. எனப்படும் சுகாதாரப் பரிசோதகர்கள் வயல்காரர்களுக்கு எலிக்காய்ச்சல் மாத்திரை கொடுப்பார்கள். துணிக்கடை முதலாளி அந்த வரிசையில் போய் நிற்க மாட்டார். இதெல்லாம் வேறு ஊரிலிருந்து வந்த வைத்தியருக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் லேண்ட்மாஸ்டர்காரனின் மகள். அந்த வயல்களின் சேற்றைக் கழுவிய தண்ணீர் எங்கள் வீட்டு முற்றத்தில் ஓடும். ஆனாலும் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, போர்வைக்குள் இருந்த காலைப் பார்க்காமல் விட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு டிக்கட்டிலும் தொழிலுக்குக் கீழே ஒரு வரி கூட்டினேன். கடைசியாக எப்போது சேற்றில் கால் வைத்தீர்கள்? காய்ச்சலிலும் ஆட்கள் பகிடி விடுவார்கள். “கலியாணம் முடிச்ச அண்டைக்கு, டொக்டர்,” என்றார் ஒரு தையற்காரர். கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், “முந்தாநாள்,” என்றார். அவருடைய போர்வையை விலக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டுக்காயம். அன்றைக்கே மருந்து தொடங்கினோம். அவர் நடந்து வீட்டுக்குப் போனார்.

இத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று நான் நினைத்திருப்பேன். எங்கள் வார்டுத் தாதி ஒருவர், நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிறவர், அந்தத் துணிக்கடைக்காரரின் தெருவில் இருக்கிறார். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சொன்னார்.

“ஒங்கட பதினேழாம் கட்டில் ஆள்ர பொண்டாட்டி, ஒரு பூச்சாடியும் மிச்சம் வெக்கல்ல டொக்டர். எல்லாத்தையும் முத்தத்துல போட்டு உடைச்சிட்டாவாம்.”

“ஏன் மிஸ்?”

“ஏனா? டெங்கு எண்டு போனதால பி.எச்.ஐ. வந்து பார்த்திரிக்கார். சாடிக்குக் கீழ வெச்ச தட்டுல நுளம்புப் புழு. சிவப்பு நோட்டிஸ் குடுத்திட்டுப் போயிட்டார். அடுத்த நாள் பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல சொன்னாங்க, நம்மட தெருவுல ஒரு சகோதரர் டெங்கால மௌத்து, ஊட்டுல தண்ணி தேங்க விடாதீங்க எண்டு. பேர் சொல்லல்ல. சொல்லவும் வேணுமா? இப்ப அவட மதினி, மௌத்தானவர்ர தங்கச்சி, போற வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுது, எங்கட காக்கா நோயில சாகல்ல, பொண்டாட்டிர ரோசாப்பூவுல செத்தார் எண்டு.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். நான் எழுதிய சொல் வார்டோடு நிற்கவில்லை. படிவமாகப் போய், பரிசோதகராக ஒரு வீட்டுப் படலையைத் திறந்து, ஒலிபெருக்கியில் ஏறி, கடைசியில் ஒரு பெண்ணின் தலையில் இறங்கியிருந்தது. அந்தப் பழியை அவள் சுமக்க வேண்டிய தேவையே இல்லை. அதை இறக்கி வைக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

அந்த வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று அன்றிரவு சொன்னபோதுதான், ‘மன்னிப்புக் கேக்கிறதுக்கா’ என்று வாப்பா கேட்டார். மறுநாள் பின்னேரம் போனேன்.

கணவன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களைக் காணாமல் வீட்டோடு இருப்பாள். இத்தா என்போம். ஆண் வைத்தியர் என்றால் அந்த அறைக்குள் போயிருக்கவே முடியாது. துணிக்கடைக்காரரின் மனைவி வெள்ளை உடுத்து, கட்டிலோரத்தில் இருந்தார். காவல்போலக் கதவடியில் கதிரை போட்டு இருந்தவர், மௌத்தானவரின் தங்கை.

“இரிங்க டொக்டர்,” என்றார் அந்தப் பெண். “நீங்கதானே அண்டைக்கு ரத்தம் எடுத்த? கை நோகவேயில்ல எண்டு அவர் சொன்னார்.”

“டொக்டர்மார் மையத்து ஊட்டுக்கு வாறத இண்டைக்குத்தான் காண்றன்,” என்றார் தங்கை.

நான் நேரே கேட்டேன். “காய்ச்சல் வர முந்தி, ரெண்டு கிழமையா அவர் எங்க இருந்தார்?”

“வட்டையிலதான். மழைக்கி வரம்பு உடைஞ்சிட்டு. ஆள் கிடைக்கல்ல. அவரே எறங்கிக் கட்டின. கடையப் பூட்டிப்போட்டு ஒரு கிழம அங்கதான். காலெல்லாம் வெட்டு. நான்தான் மஞ்சள் வெச்சிக் கட்டிவிட்ட.”

கட்டிலடியில் விரித்திருந்த பாயில் இருந்துகொண்டே சொன்னேன். “அவருக்கு வந்தது டெங்கு இல்ல. எலிக்காய்ச்சல். எலிட மூத்திரம் வயல் தண்ணியில கலந்து, காயத்தால உடம்புக்குள்ள போற நோய். கொழும்பு ரிப்போட் மூணு கிழமைக்குப் பொறகுதான் வந்த. முதல் நாளே நான் கண்டுபுடிச்சிரிக்கணும். கண்டுபுடிக்கல்ல. ரெண்டு நாள் பிழையான வைத்தியம் பார்த்த. ஒங்கட பூச்சாடிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அவர் மெல்லக் கேட்டார்.

“அப்ப நான்தான் பிழையாச் சொல்லிட்டனா? நீங்க தொழில் என்னண்டு கேட்டீங்க. நான்தானே கடை எண்ட.”

அந்த ஒரு கணத்தில் எனக்கு வந்த களைப்பு எந்த நீண்ட வேலைநாளிலும் வந்ததில்லை. பூச்சாடியை எடுத்து வெளியே வைத்தால், பழி இன்னொரு கதவால் அதே பெண்ணிடம் திரும்பி வருகிறது.

“இல்ல,” என்றேன். “நான் கேட்டதுக்கு நீங்க உள்ளதச் சொன்னீங்க. நான் கேட்டது காணாது. வயலுக்குப் போனாரா எண்டு நான் கேக்கல்ல. அவர்ர காலையும் பார்க்கல்ல.”

“காலப் பார்க்கல்லியா?” என்றார் தங்கை. “அப்ப என்னத்தப் பார்த்தீங்க?”

“அந்த மருந்த முதல் நாளே போட்டிருந்தா?” என்று மனைவி கேட்டார்.

“தப்பியிரிக்கலாம். தப்பாமலும் போயிரிக்கலாம். எனக்கு உறுதியாச் சொல்ல ஏலா.”

“ஏலா எண்டு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களாக்கும்,” என்றார் தங்கை. ஆனால் குரலில் முதலிருந்த காரம் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“மதினி, நீங்களும் கேட்டீங்கதானே,” என்றார் மனைவி. “தெருவெல்லாம் பூச்சாடி எண்டு சொன்னீங்க. இப்ப இதையும் சொல்லுங்க.”

“நான் சொன்னா ஆர் நம்புற? அந்தக் கதைய ஊதிவிட்டதே நான்தானே.”

அது உண்மை. மூன்று பேருக்கும் தெரிந்த உண்மை. மனைவி என் பக்கம் திரும்பினார்.

“டெங்கு எண்டு ஸ்பீக்கர்லதான் சொன்னாங்க, டொக்டர். இதையும் ஸ்பீக்கர்ல சொல்ல வைங்க.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஓர் அறைக்குள், இரண்டு பெண்களிடம், தலையைக் குனிந்து சொல்லிவிட்டு வருவது என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். மன்னிப்பார்கள் அல்லது ஏசுவார்கள். அதற்கு மட்டும் மனதைக் கட்டியிருந்தேன். ஊர் முழுக்கக் கேட்கச் சொல்வது வேறு விஷயம். என்னைக் காட்டி “வட்டையில லேண்ட்மாஸ்டர் ஓட்றவர்ர மகள் டொக்டராம்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் அது.

“யோசிச்சிச் சொல்றன்,” என்று எழும்பினேன்.

ஒரு கிழமை யோசித்தேன். பெரிய டொக்டரிடம் சொன்னேன். “அறைக்குள்ள சொன்னது வேற, ஊருக்குச் சொல்றது வேற,” என்றார். “நாளைக்கு வழக்குப் போட்டா, நீங்க எழுதிக் குடுக்கிற கடதாசிதான் சாட்சி. ஒங்களுக்கு முன்னால இன்னும் முப்பது வருசம் இரிக்கி.” அவர் பயமுறுத்தவில்லை, எண்ணித்தான் சொன்னார். நானும் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பெண் இத்தா முடிந்து வெளியே வருவார். கடைக்குப் போவார், கலியாண வீடுகளுக்குப் போவார். போகும் இடமெல்லாம் ரோசாப்பூவும் கூடப் போகும். அதற்கு முப்பது வருடக் கணக்கு யாரும் பார்க்கவில்லை.

எழுத இருந்தபோது இன்னொரு கஷ்டம். மருத்துவம் முழுவதையும் ஆங்கிலத்தில் படித்தவள் நான். என் பிழையைத் தமிழில் எழுத எனக்குச் சொல் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ‘தாமதமாக அறியப்பட்டது’ என்று யாரும் செய்யாத காரியம்போல எழுதித் தப்பியிருப்பேன். தமிழில் ‘நான்’ என்று தொடங்காமல் அந்த வசனத்தை எழுத முடியவில்லை. நான்கு தாள் கிழித்தேன்.

ஐந்தாவது தாளை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். அவருடைய கணவரின் நோயைப் பற்றி அவருடைய சம்மதம் இல்லாமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கவனமாகக் கேட்டார். ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வயல்காரர்கள் எண்டு எழுதாதீங்க, டொக்டர். அவர் அதக் கேட்டிருந்தா, அது தனக்கில்ல எண்டு போயிருப்பார். வட்டைக்குப் போற ஆக்கள் எண்டு போடுங்க.”

போட்டேன். கீழே அவரும் கையெழுத்து வைத்தார். எழுதி முடிந்தது இவ்வளவுதான்:

‘மாரி காலத்தில் இத்தெருவில் மௌத்தான சகோதரருக்கு வந்தது டெங்கு அல்ல, எலிக்காய்ச்சல். வீட்டிலிருந்த எதனாலும் அது வரவில்லை. வைத்தியரான நான் அவரிடம் சரியாகக் கேட்காமல், டெங்கு என்று பிழையாக எழுதினேன். வட்டைக்குப் போகிற ஆட்கள், கடை வைத்திருந்தாலும் உத்தியோகம் பார்த்தாலும், காய்ச்சல் வந்தால் சேற்றில் இறங்கியதை முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். போக முதல் மாத்திரை எடுங்கள்.’

கீழே என் பெயரும் பதிவிலக்கமும்.

பள்ளிவாசல் காரியாலயத்துக்குத் தெருப்பக்கமாக ஒரு கதவு உண்டு. இன்று அஸர் என்னும் பின்னேரத் தொழுகைக்குப் பிறகு அங்கே போனேன். செயலாளர் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

“விசயம் நல்லம். வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு வாசிக்கலாம்,” என்றார். “இந்த மூணாவது வரிய மட்டும் வெட்டுவமா? பொம்புளப் புள்ள, நம்மட ஊர்ப் புள்ள. நாளைக்கு ஒங்களுக்கிட்ட ஆக்கள் வர வேணாமா?”

“அந்த வரி இல்லாட்டி, முந்திச் சொன்னது ஆர்ர பிழை எண்டு ஊர் தேடும். திரும்ப அவங்கட ஊட்டுக்குத்தான் போகும்.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “பெரிய டொக்டர்ட்ட, ஆஸ்பத்திரி நிருவாகத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்களன் மகள். அவங்க வேணாம் எண்டா?”

கைப்பையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். அதே கடிதம், மூன்றாவது வரியும் வெட்டாமல். காலையில் வார்டுக்குப் போக முதல் அதன் மூலத்தை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஒப்படைத்து, கிடைத்தது என்று இந்தப் பிரதியில் முத்திரை குத்தி வாங்கியிருந்தேன். இனி யார் வேண்டாம் என்றாலும் அந்த வரி என் பெயரில் பதிவாகிவிட்டது.